ஓட்டு உண்டு, மனை இல்லை: இடுக்கித் தொகுதியின் நில வரலாறு

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் தேவிகுளத்தைத் தாண்டிப் போடிமெட்டை நோக்கிச் செல்லும்போது, சின்னக்கானலில் ஒரு கிளைச்சாலை பிரிந்து சூரியநெல்லிக்குப் போகிறது. சிறிய ஊர்தான். ஆனால் அதைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் நான்கு வகை நிலம் அடுத்தடுத்துக் கிடக்கிறது. முதலாவது, கம்பெனியின் கையிலுள்ள தேயிலைத் தோட்டம். இரண்டாவது, குடியேறிய விவசாயிகள் பட்டயம் என்னும் நில உரிமைப் பத்திரத்தை வாங்கியோ அதற்குக் காத்திருந்தோ பயிர் செய்யும் ஏலக்காடு. மூன்றாவது, ஆதிவாசிக் குடும்பங்களுக்கு அரசு அளந்து கொடுத்த காலனி. நான்காவது, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒட்டி யானைகள் நடமாடும் புல்வெளியும் கிராண்டிஸ் யூகலிப்டஸ் காடும். ஊரிலிருந்து ஜீப் ஏறினால் கொழுக்குமலை வருகிறது. ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து மட்டுமே உண்டு. மாநில எல்லை மலைமுகட்டில் ஓடுகிறது, மக்களின் நடமாட்டம் அதன் இரு பக்கமும் ஓடுகிறது.

சூரியநெல்லி அமைந்துள்ள சின்னக்கானல் ஊராட்சி தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. தேவிகுளம் இடுக்கி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு, இடுக்கி, தொடுபுழை என்ற மலைமாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளோடு எர்ணாகுளம் மாவட்டத்தின் மூவாற்றுப்புழையும் கோதமங்கலமும் சேர்ந்த, ஏறத்தாழ 12 லட்சம் வாக்காளர்களைக் கொண்ட பெரிய கிராமப்புறத் தொகுதி அது. அதன் தேர்தல் வரலாற்றை மத அரசியல் என்றும், மலையாளி–தமிழர் மோதல் என்றும், காங்கிரஸ்–இடதுசாரிப் போட்டி என்றும் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அடியில் ஓடும் சரடு நிலப் பத்திரம் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த மலையில் நிலத்தின்மேல் ஒரு காகிதத்தைப் பெற்றவர்களும், பெற முடியும் என்று நம்பியவர்களும் அரசியல் சக்தியானார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக அதே மண்ணில் உழைத்தும் அந்தக் காகிதத்துக்கு வழியே இல்லாத தோட்டத் தொழிலாளர்களுக்கு வாக்கு மட்டும் கிடைத்தது. வாக்கு அவர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர்களைத் தந்தது. குடியிருக்கும் உரிமையைத் தரவில்லை.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1877 ஜூலை 11. அன்று பூஞ்ஞாற்றுத் தம்புரான் கண்ணன் தேவன் மலைகளில் ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்பை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளையருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த முதுவர் பழங்குடியினரின் பெயர் அந்தப் பத்திரத்தில் உரிமையாளராக வரவில்லை. சிங்கோனா, காப்பி என்று முயன்று கடைசியில் தேயிலையில் வந்து நின்ற தோட்டக்காரர்கள், 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனியை அமைத்தார்கள். மலை கிடைத்தது; ஆள் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் நொறுங்கிக் கிடந்த மக்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டினார்கள். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக அவர்கள் மலை ஏறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் நிலம் மறுக்கப்பட்ட தலித் சாதியினர். மலையும் அவர்களுக்கு நிலம் தரவில்லை, லயம் தந்தது.

லயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தொகுதியின் அரசியல் புதிரே அதற்குள் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கு ஓர் அறை, ஒரு சமையலிடம், முன்னால் ஒடுங்கிய வராந்தா. அந்த இடத்தில் தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. அது நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு பிணைந்த சலுகையானது. வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டப் பதிவேட்டில் இருக்கும்வரை லயம் உண்டு. 58 வயதில் ஓய்வு வரும்போது, பிள்ளைகளில் ஒருவர் அதே வேலையில் சேர்ந்திருக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பட்டம் படித்த மகளையும் கொழுந்து பறிக்க அனுப்பிவிடும் கட்டாயம் அங்கிருந்து பிறக்கிறது. வேலையை விட்டால் வீடு போகும் என்ற நிலையில் உள்ள ஒருவர், கம்பெனியை எதிர்த்தோ தொழிற்சங்கத்தை எதிர்த்தோ எத்தனை தூரம் போக முடியும்? குடியுரிமையின் எல்லை அந்த வராந்தாவிலேயே வரையப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது கூட்டம் மேற்கிலிருந்து ஏறியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிப் பஞ்சம் திருவிதாங்கூரை வாட்டியது. உணவுப்பயிர் செய்ய வனநிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும் கொள்கையை அரசு எடுத்தது. பாலா, மீனச்சில், தொடுபுழைப் பகுதிகளின் சிறு விவசாயிகள், பெரும்பாலும் சிரியன் கிறிஸ்தவர்கள், குடும்பத்தோடு மலைக்கு வந்தார்கள். மலேரியாவோடும் யானையோடும் போராடி மரவள்ளியும் நெல்லும், பிறகு மிளகும் ஏலமும் நட்டார்கள். அவர்களும் ஏழைகள்தான். ஆனால் ஒரு வேறுபாடு தொடக்கத்திலேயே இருந்தது. தமிழ்த் தொழிலாளி கம்பெனியின் அழைப்பில் கூலிக்கு வந்தவர். மலையாள விவசாயி அரசின் அழைப்பில் நிலத்துக்கு வந்தவர். பிந்தையவர் வெட்டித் திருத்திய மண்ணை என்றாவது தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தது. முந்தையவர் நட்ட தேயிலைச் செடி கம்பெனியின் சொத்து.

இந்த இரு கூட்டங்களும் அரசியலில் நேருக்கு நேர் நின்றது 1954–56 ஆண்டுகளில். மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தென் தாலுகாக்களோடு தேவிகுளத்தையும் பீருமேட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரியது. 1954 தேர்தலில் அக்கட்சி திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத்தில் 12 இடங்களை வென்றது. அந்த ஆண்டு தேவிகுளத்தில் தடையை மீறிய நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளையின் அரசு இன்னொரு வழியையும் கையாண்டது. மலைப்பகுதியில் குடியேற்றக் காலனிகளை அமைத்து, குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வீதம் நிலம் கொடுத்தது. உடும்பன்சோலைத் தாலுகாவின் கல்லாற்றில் உருவான பட்டம் காலனி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. எல்லை எங்கே விழும் என்று முடிவாகாத நேரத்தில், அந்த எல்லைப்பகுதியில் யார் நிலம் பெற வேண்டும் என்பதை அரசே முடிவு செய்தது.

1955-இல் மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையைத் தந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி தேவிகுளத்தில் தமிழர் 72 விழுக்காடு, பீருமேட்டில் 44 விழுக்காடு என்பது ஆணையத்தின் முன் இருந்த எண்கள். ஆயினும் இரு தாலுகாக்களையும் கேரளத்துக்கே கொடுத்தது. காரணங்கள் இரண்டு வகை. இந்தத் தமிழர்களில் பலர் தோட்ட வேலைக்காக வந்துபோகிறவர்கள், நிலையான குடிகள் என்று கொள்ள முடியாது என்பது ஒன்று. மக்கள் நெருக்கம் மிகுந்த திருவிதாங்கூர்–கொச்சிக்கு இந்த மலைகளின் நீரும் மின்சாரமும் குடியேற்றத்துக்கான நிலமும் இன்றியமையாதவை என்பது மற்றது. இரண்டாவது காரணத்தில் வலு இருக்கிறது. பெரியாற்றின் நீர்ப்பிடிப்பு இல்லாத கேரளத்தைக் கற்பனை செய்வது கடினம். முதல் காரணமே நம்மை நிறுத்த வேண்டும். ஒருவர் நிலையாக வாழ்கிறாரா இல்லையா என்பதை எதை வைத்து அளந்தார்கள்? அவர் பெயரில் வீடோ நிலமோ இல்லை. ஏன் இல்லை? கம்பெனியின் ஏற்பாடு அவரை அப்படி வைத்திருந்தது. நிலம் மறுக்கப்பட்டதே நிலையற்றவர் என்பதற்குச் சான்றாகியது. நிலையற்றவர் என்ற முடிவு பிறகு நிலம் மறுக்கக் காரணமாகியது.

தமிழ்நாட்டு மேடைகளில் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்வார்கள். காமராஜர் விட்டுக்கொடுத்தார், ஆணையத்தில் உறுப்பினராக இருந்த கே.எம். பணிக்கர் மலையாளி என்பதால் தீர்ப்பு சாய்ந்தது, தேவிகுளம் தமிழ்நாட்டில் இருந்திருந்தால் அம்மக்கள் வாழ்ந்திருப்பார்கள் என்பது அந்த வாதம். இழப்புணர்வு உண்மையானது, அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் எல்லை மட்டும் மாறியிருந்தால் லயத்தின் விதி மாறியிருக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனி பெற்ற 8,373 ஏக்கர் அது. 1999 ஜூலை 23 அன்று அத்தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போன 17 பேர் போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு இறந்தார்கள். குத்தகை 2028-இல் முடியவிருக்கும் நிலையில், 2024-இல் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டு, நான்கு தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் இறங்க வேண்டியதாயிற்று. தமிழ் பேசும் அரசு, தமிழ் பேசும் அதிகாரிகள், தமிழ் பேசும் மாவட்டம். ஆனாலும் மனை இல்லை. ஆகவே தேவிகுளத்தின் சிக்கலை மொழிக்குள் மட்டும் அடைப்பது, சிக்கலை உண்டாக்கியவர்களைத் தப்ப விடுவதாகும்.

கேரளம் பிறந்தபின் வந்த முதல் தேர்தல் தோட்டத் தொழிலாளியின் வாக்குக்கு எத்தனை மதிப்பு இருக்கிறது என்று காட்டியது. 1957-இல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். காங்கிரஸின் பி.கே. நாயரின் வேட்புமனு தவறாக நிராகரிக்கப்பட்டதென்று அந்தத் தேர்தல் செல்லாததாக, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. மெல்லிய பெரும்பான்மையில் நின்ற ஈ.எம்.எஸ். அரசுக்கு அது மானப் பிரச்சினை. பொறுப்பாளராக வி.எஸ். அச்சுதானந்தன் மலையேறினார். மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து எஸ்டேட் எஸ்டேட்டாகத் தமிழில் பாடினார். பின்னாளில் இளையராஜா என்று உலகம் அறிந்தவரின் அண்ணன் அவர். ரோசம்மா மீண்டும் வென்றார். ஆனால் அதே ஆண்டின் இறுதிப் பகுதியில், மூணாறு தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அதே அரசின் போலீஸ் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். வாக்குக் கேட்டு வந்தவர்கள் வஞ்சகர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது, ஆனால் நியாயம் அல்ல. அரசு தொழிலாளியின் வாக்கையும் நம்பியிருந்தது, கம்பெனியின் தேயிலை வருமானத்தையும் நம்பியிருந்தது. இரண்டும் மோதிய நாளில் எது வெல்லும் என்பது தெளிவாயிற்று.

நிலச்சீர்திருத்தம் இந்தப் பாரபட்சத்தைச் சட்டமாக்கியது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்து, கிராமத்தில் குடிசை போட்டிருந்தவருக்கும் பத்து சென்ட் வரை உரிமை கொடுத்த கேரளத்தின் சட்டம், இந்தியாவுக்கே முன்மாதிரி என்று போற்றப்படுகிறது. போற்றத்தக்கதுதான். ஆனால் அது தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. தோட்டத்தைத் துண்டாடினால் தொழில் சிதையும், வேலை போகும் என்பது அதற்குச் சொன்ன காரணம். தேயிலைக்கு ஆலை வேண்டும், ஆலைக்குப் பெரும்பரப்பு வேண்டும் என்பது உண்மை; இந்தக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தொழிலாளிக்கு ஐந்து சென்ட் மனை கொடுக்கத் தோட்டத்தைத் துண்டாட வேண்டியதில்லை. சமவெளியில் பண்ணையாரின் தோப்புக்குள் குடிசை போட்டிருந்தவருக்குக் கிடைத்தது, மலையில் லயத்தில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் வந்தபோது இன்னொரு கதவு திறந்தது. கம்பெனிக்கு ஏறத்தாழ 57,000 ஏக்கரை விட்டுவிட்டு, 70,000 ஏக்கருக்கு மேல் அரசு எடுத்துக்கொண்டது. விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நிலம் வழங்குவது அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றமும் 1972-இல் அதை ஏற்றது. மீட்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி வரையாடுகளுக்காக இரவிகுளம் தேசியப் பூங்காவானது. அது செய்ய வேண்டிய நல்ல காரியம். மீதியில் லயத்து மக்களுக்கு ஒரு தெருவாவது அமைந்திருக்க வேண்டும். தொழிலாளரைப் பெருமளவில் குடியமர்த்தும் திட்டம் அன்று அமையவில்லை.

குடியேற்ற விவசாயிகளுக்கும் பட்டயம் தானாக வந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இடுக்கி அணைக்காக 1961-இல் அய்யப்பன்கோவிலிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மழைக்காலத்தில் தூக்கி எறியப்பட்டார்கள். குமுளிக்கு அருகே அமராவதியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்து அந்தக் கொடுமையை நாட்டுக்குக் காட்டினார். 1964-இல் கோட்டயத்தில் பிறந்த கேரள காங்கிரஸ், மலை விவசாயியின் நிலத்தையே தன் கொள்கையாக்கியது. 1977 ஜனவரி 1-க்கு முன் வனநிலத்தில் இருந்தவர்களுக்குப் பட்டயம் வழங்க 1993-இல் சிறப்பு விதிகள் வந்தன. ஏலமலைக் காடு 1897 அறிவிப்பின்படி 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. 2024-இல் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டயங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. இத்தனை அலைக்கழிப்புக்கு உள்ளானவர்களைத் தொழிலாளியின் எதிரிகளாக வரைவது தவறு. நான் சொல்வது வேறு. அவர்களுடைய துன்பத்துக்கு ஓர் அரசியல் மொழி இருந்தது. ஒவ்வொரு கட்சியும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டது. தொழிலாளியின் துன்பம் கூலி, போனஸ் என்ற இரண்டு சொற்களுக்குள் அடைக்கப்பட்டது.

1972 ஜனவரி 26 அன்று இடுக்கி தனி மாவட்டமானது. 1977-இல் அதன் பெயரில் மக்களவைத் தொகுதி வந்தது. அதன் முதல் உறுப்பினர் காங்கிரஸின் சி.எம். ஸ்டீபன், மறு ஆண்டே மக்களவை எதிர்க்கட்சித் தலைவரானார். அவரையடுத்து எம்.எம். லாரன்ஸ், பி.ஜே. குரியன், பாலா கே.எம். மாத்யூ, ஏ.சி. ஜோஸ், பி.சி. சாக்கோ, பிரான்சிஸ் ஜார்ஜ், பி.டி. தாமஸ், ஜாய்ஸ் ஜார்ஜ், டீன் குரியாகோஸ். கட்சிகள் மாறின, கொழுந்துக்கூடை சுமந்த குடும்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தொகுதியின் வரைபடமே அதற்கு ஒரு காரணம். 2008 சீரமைப்புக்கு முன் ராந்நியும் பத்தனம்திட்டாவும் இதில் இருந்தன. அவை போய் மூவாற்றுப்புழையும் கோதமங்கலமும் வந்தன. எப்படி வெட்டினாலும் தேயிலை மலையின் வாக்கு, ரப்பரும் மிளகும் விளையும் பெரும்பரப்பின் வாக்கில் கரைந்துபோகும். தேவிகுளம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி, அங்கே ஜி. வரதன், ஏ.கே. மணி, எஸ். ராஜேந்திரன், ஏ. ராஜா என்று தமிழர்களே தொடர்ந்து வென்றிருக்கிறார்கள், பிறகென்ன குறை என்று கேட்கலாம். அந்தப் பிரதிநிதித்துவம் பெரிய சாதனை. 2021-இல் ராஜா கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தது வரலாற்றில் நிற்கும். ஆனால் ஒரு சமூகத்தின் பிரதிநிதி அவையில் இருப்பதும், அந்தச் சமூகத்தின் கோரிக்கை ஆட்சியின் கணக்கில் ஏறுவதும் ஒன்றல்ல. சான்று 2010-களில் கிடைத்தது.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலைப் பற்றி மாதவ் காட்கில் குழு 2011-இல் அறிக்கை தந்தது. கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் தந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கேரளத்தின் 123 கிராமங்கள் சூழல் உணர்வு மிக்க பகுதிகளாகப் பட்டியலிடப்பட்டபோது, இடுக்கி கொதித்தது. கிறிஸ்தவ மறைமாவட்டத்தின் ஆதரவோடு மலைப் பாதுகாப்புச் சமிதி கடையடைப்புகள் நடத்தியது. காட்கில் அறிக்கையை ஆதரித்த பி.டி. தாமஸுக்குப் பாடை கட்டி ஊர்வலம் விட்டார்கள். 2014-இல் காங்கிரஸ் அவருக்கு இடம் தரவில்லை. சமிதியின் சட்ட ஆலோசகராக இருந்த ஜாய்ஸ் ஜார்ஜ், இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக நின்று 50,542 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தேர்தலுக்கு முன்பே மத்திய அரசு வரைவைத் திருத்திப் பரப்பை 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993-ஆகக் குறைத்தது. பட்டயம் போய்விடுமோ என்ற அச்சம் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை இறக்கியது, இன்னொருவரை ஏற்றியது, டெல்லியின் வரைபடத்தையே மாற்றியது. 2019-இல் டீன் குரியாகோஸ் 1,71,053 வாக்குகளிலும், 2024-இல் 1,33,727 வாக்குகளிலும் ஜாய்ஸ் ஜார்ஜைத் தோற்கடித்தார். அப்போதும் மேடைகளில் நிலமும் பட்டயமும் ஓயவில்லை. 2023 செப்டம்பரில் நில ஒதுக்கீட்டுச் சட்டத் திருத்தத்தைக் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது இந்த அழுத்தத்தின் தொடர்ச்சிதான்.

இதற்கு இணையாகத் தொழிலாளர்கள் எழுந்த ஒரு கணமும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கக் கொடிகளை ஒதுக்கிவைத்து, பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர்களும் சட்டமன்ற உறுப்பினரும் அந்தக் கூட்டத்துக்குள் நுழைய முடியவில்லை. ஒன்பது நாளில் 20 விழுக்காடு போனஸை வாங்கினார்கள்; அன்று 232 ரூபாயாக இருந்த நாட்கூலி அடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் 301 ஆனது. அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் வெற்றியும் கண்டார்கள். ஆனால் அந்த இயக்கம் நிலைக்கவில்லை. தலைவிகளுக்குள் பிளவு, கட்சிகளின் இழுப்பு என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அடிப்படைக் காரணம் ஒன்றை நான் சேர்ப்பேன். சமிதியின் விவசாயி கடையடைப்பு முடிந்து தன் வீட்டுக்குப் போனார். தோட்டப் பெண் போராட்டம் முடிந்து கம்பெனி வீட்டுக்குத் திரும்பினார். ஐந்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். ஒரே லயத்தில் ஒரே குடும்பத்தின் கிளைகள் அடுத்தடுத்து வாழ்ந்ததால் வம்சங்களே போயின. மறுநாள் நடந்த கோழிக்கோடு விமான விபத்தில் இறந்தவர்களுக்கு 10 லட்சம், இவர்களுக்கு 5 லட்சம் என்ற அறிவிப்பு மலையெங்கும் காயமாகத் தங்கியது. உயிர்தப்பிய குடும்பங்களுக்காகக் குற்றியார்வேலியில் எட்டு வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. நிலம் இல்லை என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்ட இடத்தில், மனம் வைத்தால் நிலம் கிடைக்கும் என்பதற்கு அந்த எட்டு வீடுகளே சாட்சி.

சூரியநெல்லியைச் சுற்றிய மண்ணில் இந்த முரண் அத்தனையும் ஒரே இடத்தில் தெரிகிறது. 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏ.கே. ஆண்டனி அரசு சின்னக்கானலில் 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் அளந்து கொடுத்தது. அதனால் அது 301 காலனி என்றே பெயர் பெற்றது. யானைகளின் வழித்தடத்தில் அது அமைந்தது. பல குடும்பங்கள் பயந்து வெளியேறின. நிலமற்றவருக்கு நிலம் கொடுக்கும்போதும், மற்றவர்கள் வேண்டாத நிலமே அவர் பங்குக்கு வந்தது. 2017 ஏப்ரலில் பக்கத்துப் பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நின்ற பெரிய இரும்புச் சிலுவையை வருவாய்த் துறை அகற்றியபோது, முதலமைச்சரே அந்தச் செயலைக் கண்டித்தார். 2023-இல் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடிப்பதா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மார்ச் 30 அன்று பத்து ஊராட்சிகளில் கடையடைப்பு. ஏப்ரல் 29-இல் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட, அது மலையிறங்கிக் கம்பத்துக்குள் வந்து, கடைசியில் முண்டந்துறைக்குப் போனது. யானைக்காக வாதாடியவர்கள் இருந்தார்கள், விவசாயிக்காக வாதாடியவர்கள் இருந்தார்கள். இரவில் அதே யானை நடக்கும் வழியில் லயத்தில் தூங்குகிறவர்களின் வீட்டுரிமை அந்த வாதங்களில் எங்கும் வரவில்லை.

1955-இல் ஆணையம் எழுப்பிய கேள்வி இன்னும் முடியவில்லை என்பதற்குக் கடைசிச் சான்று நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2021-இல் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை, அவர் கேரளத்தின் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்கு உரியவர் அல்லர் என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி அவருடைய பதவியை உறுதி செய்தது. அவர் எந்த மதத்தவர் என்ற விவாதத்தோடு, அவருடைய முன்னோர் 1950-க்கு முன்பே இந்த மலையில் குடியிருந்தார்களா என்பதும் வழக்கில் அலசப்பட்டது. குடியிருந்ததற்கு எஸ்டேட்டின் பதிவேட்டைத் தேட வேண்டியிருந்தது. நிலப் பத்திரம் இருக்கும் குடும்பத்துக்கு இந்தச் சோதனை வராது. சாதிச் சான்றிதழுக்கு அலையும் ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையும் இதே வாசலில்தான் நிற்கிறது.

கடலுக்கு அப்பால் இதே உழைப்பாளிகளின் உறவுகளுக்கு நேர்ந்ததை வைத்து ஒருவர் ஆறுதல் சொல்லலாம். 1947-இல் இலங்கை மலையகம் தன் வாக்கால் ஏழு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களில் சிலர் கேரளத்தின் கவியில் ஏலத்தோட்டக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் தேவிகுளத்தில் வாக்குரிமையை யாரும் பறிக்கவில்லை. இந்தியக் குடியாட்சியின் பெருமை அது. ஆனால் வாக்குரிமை என்பது ஒரு தொடக்கம். சொந்த முகவரி இல்லாதவரின் வாக்கு ஐந்தாண்டுக்கு ஒரு நாள் மட்டும் பேசும், பட்டயம் உள்ளவரின் வாக்கு ஒவ்வொரு நாளும் பேசும் என்பதை இடுக்கியின் எழுபது ஆண்டு வரலாறு காட்டுகிறது.

பெருந்தோட்ட நிலங்களின் உரிமையைக் கேட்டுக் கேரள அரசு உரிமையியல் வழக்குகளைத் தொடுத்திருக்கும் காலம் இது. தீர்ப்பு எப்படி வந்தாலும், கம்பெனியோடு அரசு செய்யப்போகும் எந்த ஏற்பாட்டிலும் முதல் நிபந்தனையாக லயத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும், வேலையோடு பிணைக்காத, பெண்ணின் பெயரும் சேர்ந்த வீட்டுமனை இடம்பெற வேண்டும். அது தேயிலைத் தொழிலைச் சிதைக்காது. வீடு போய்விடும் என்ற பயத்தால் வேலையில் கட்டுண்ட மக்களை விடுவித்து, தொழிலை நேர்மையான கூலிக்கு உட்படுத்தும். மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 11,29,221 ஆக இருந்து 2011-இல் 11,08,974 ஆகக் குறைந்தது. இளைஞர்கள் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் போகிறவருக்குத் திரும்பி வர ஒரு வீடும், இருக்கிறவருக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு துண்டு மண்ணும் வேண்டும். அதைப் பெற்றுத் தராத வரை, இந்தத் தொகுதியிலிருந்து டெல்லிக்குப் போகும் எந்த உறுப்பினரும், எந்தக் கட்சியானாலும், தன் வாக்காளர்களில் ஒரு பகுதியினரை மட்டுமே பிரதிநிதித்துவம் செய்கிறார்.